மஞ்சள் கோட்டும் மடிப்பிச்சையும்

ராஜபாளையத்தில் பரிபூரணத்திடம் துணி தைக்கக் கொடுத்த எவளும் வெறும் ஜாக்கெட்டோடு வீடு திரும்பியதில்லை. நன்றாகப் பேச்சும் வாங்கிக்கொண்டுதான் போவாள். ஜாக்கெட் தோளில் கச்சிதமாக உட்காரும். பேச்சு அதைவிட ஆழமாக உட்கார்ந்து, வருஷக் கணக்கில் உறுத்திக்கொண்டே இருக்கும். தையலுக்காக வந்தவர்கள் பேச்சைச் சகித்துக்கொண்டார்கள். பரிபூரணமோ தன் பேச்சுக்காகத்தான் கூட்டம் வருகிறது என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

சோழபுரத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தபோது அவளுக்கு இருபது வயது. இப்போது ஐம்பத்திரண்டு. பஞ்சு மார்க்கெட் பக்கத்துச் சந்தில், வீட்டு முன்னறையில் ஒரு மோட்டார் மிஷின், ஓர் ஆளுயரக் கண்ணாடி, துணி வெட்ட ஒரு பெஞ்சு. அவ்வளவுதான் கடை. டேப்பைத் தொடவே மாட்டாள். உடம்புக்குச் சரியாக இருக்கும் பழைய ஜாக்கெட் ஒன்றைக் கொண்டுவர வேண்டும், அதுதான் அளவு. பத்து வருஷத்துக்கு முந்திய ஜாக்கெட்டோடு எவளாவது வந்தால் தொலைந்தாள். “இது ஒனக்கு அளவில்ல தாயி, ஒங்கல்யாண போட்டோவுக்கு அளவு. அந்தப் பொண்ண வரச் சொல்லு, தச்சுத் தாரேன்” என்பாள். முதுகில் பெரிய கழுத்து கேட்ட பேங்க்காரர் மனைவியிடம், “சன்னலே வச்சிருதேன், ஃபேன் செலவு மிச்சம்” என்றாள். அந்த அம்மாள் அதன் பிறகு இந்தச் சந்துக்குள் வரவில்லை. வராதவர்களைப் பரிபூரணம் கணக்கில் வைத்துக்கொள்வதும் இல்லை.

கணவர் காசிராஜன் நூல் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டில் ஒரு வாய்ச்சண்டையிலாவது அவர் ஜெயித்ததாகத் தெரியவில்லை. ஓய்வு பெற்றதோடு அந்தப் போட்டியிலிருந்தும் விலகிக்கொண்டார்.

ஒரே மகன் விக்னேஷ்வரனுக்கு முப்பத்தொரு வயது. எரிந்துபோன மில் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியால் காயில் கட்டுகிற வேலை. குடி இல்லை, சிகரெட் இல்லை, சம்பாத்தியத்துக்கும் குறைவில்லை. ஆனாலும் ஒன்பது இடம் வந்து ஒன்பதும் தட்டிப்போயிற்று. ஒவ்வொரு முறையும் பெண் வீட்டார், “ரெண்டு நாளையில சொல்லி அனுப்புதோம்” என்பார்கள். அந்த இரண்டு நாள் இன்னும் முடியவில்லை. பரிபூரணம் செவ்வாயைச் சொன்னாள், ராகுவைச் சொன்னாள், தரகர் சின்னக்கருப்பனின் ராசியில்லாத முகத்தைச் சொன்னாள். தன்னைத் தவிர எல்லாரையும் சொல்லிவிட்டாள். தை மாசத்துக்குள் மகன் கழுத்தில் மாலை விழுவதைப் பார்த்துவிட வேண்டும், அதற்கு மேல் அவளுக்கு இந்த உலகத்தில் வேறு ஆசை கிடையாது.

பத்தாவதாக ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு ஜாதகம் வந்து, பொருத்தமும் பார்த்தாகிவிட்டது. பெண் பெயர் சிவரஞ்சனி, தாய் இல்லை, அத்தை வளர்த்த பிள்ளை, ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை. விக்னேஷ்வரன் போனில் வந்த படத்தைக் காட்டினான். முகத்தில் ஒரு மறு இல்லை, மூக்கு இருந்த இடம் தெரியவில்லை, கன்னம் சுண்ணாம்பு அடித்த சுவராக இருந்தது. இப்போது எல்லாப் பிள்ளைகளும் போனே பவுடர் போட்டுவிடுகிற படத்தைத்தான் அனுப்புகிறார்கள். பரிபூரணம் ஒரு நொடி பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

“இதுல பொண்ணு எங்கலே இருக்கா? மெழுகுல்லா இருக்கு. நேருல பாத்துக்கிடுதேன்.”

ஐப்பசி முதல் ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க நாள் குறித்தார்கள். அதற்குள் பெண் வீட்டார் மாப்பிள்ளையைப் பற்றி இந்தப் பக்கம் விசாரிக்க வருவார்கள் என்பது பரிபூரணத்துக்குத் தெரியும். டீக்கடையில் கேட்பார்கள், பால்காரரிடம் கேட்பார்கள், எதிர்வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டே கேட்பார்கள். அதனால் மூன்று வாரமாகத் தெருவில் அவள் தங்கமாக நடந்துகொண்டாள். எதிர்வீட்டுக்காரிக்குச் சுண்டல் கொடுத்தனுப்பினாள். டீக்கடைக்காரரிடம் அவர் பேரனின் காய்ச்சலை விசாரித்தாள். ஆனால் கடைக்குத் துணியோடு வருகிறவர்களும் மனிதர்கள்தான், அவர்களுக்கும் காதும் வாயும் இருக்கும் என்பது மட்டும் அவளுக்குத் தோன்றவே இல்லை.

அந்தப் புரட்டாசியில் அவள் வாய்க்கு நல்ல தீனியும் கிடைத்திருந்தது. குளிர் தேசத்தில் இலை பழுத்து உதிர்கிற காலமாம். அதற்கென்று ஒரு ஃபேஷனாம்: கடுகு மஞ்சள், செங்கல் நிறம், பழுப்பு, நீளக் கை, மூடின கழுத்து, மேலே கணுக்கால் வரைக்கும் ஒரு கோட்டு, உதட்டில் காப்பிக் கலர். எல்லாம் போனில் வந்து, கல்லூரிப் பிள்ளைகள் வழியாக இந்தச் சந்துக்குள்ளும் வந்துவிட்டது. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது. சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலையில் பெருமாளைப் பார்க்கப் போனவர்கள் பாதம் பொசுங்கித் திரும்பி வருகிறார்கள். இவர்களுக்குக் கோட்டு வேண்டுமாம்.

“நம்மூருல எலை விழுகது கல்யாண மண்டபத்துக்குப் பின்னாலதான்” என்றாள் ஒருத்தியிடம். “அங்க போயி இந்தக் கோட்டப் போட்டுக்கிட்டு நில்லு. மாடு வந்து மோந்து பாக்கும்.”

உதட்டுக்குப் பழுப்புப் பூசி வந்த இன்னொருத்தியை, “காப்பியக் குடிச்சா வாயத் தொடைக்கணும்னு வீட்டுல சொல்லித் தரலியா?” என்று கேட்டு அனுப்பினாள்.

பெண் பார்க்கப் போகும் ஞாயிற்றுக்கிழமைக்குப் பத்து நாள் இருக்கும்போது இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தி அறுபதை நெருங்கியவள். மற்றவள் மாநிறமாய், நெற்றியோரம் ஒரு தழும்போடு, ஒல்லியாய் இருந்த பெண். பெண்ணின் கையில் பழைய மஞ்சள் பருத்திச் சேலை, போனில் ஒரு படம். சேலைக்கு மேலே திறந்தாற்போல் போட்டுக்கொள்ளும் நீளக் கோட்டு அது.

“அக்கா, கடையில இது மூவாயிரம் சொல்லுதாக. எங்கம்மா சேல ஒண்ணு சும்மா மடிச்சே கெடக்கு. இதுல தச்சா நல்லாருக்குமான்னு கேக்க வந்தேன். அளவுக்கு ஜாக்கெட்டும் கொண்டாந்துருக்கேன்.”

பரிபூரணம் சேலையை விரித்துப் பார்த்தாள். நல்ல நூல், கரையும் நைந்துபோகவில்லை. அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

“எந்த விசேஷத்துக்குடி இந்த வேசம்?”

“என்னப் பாக்க வாராக.”

“பொண்ணு பாக்கவா?” பரிபூரணம் சிரித்தாள். காத்திருந்த மற்ற இரண்டு பெண்களையும் பார்த்து, அவர்களும் கேட்கும்படி சொன்னாள். “ஏட்டி, இந்த நெறத்துக்கு இந்த மஞ்சக் கோட்டப் போட்டுக்கிட்டு வாசல்ல நின்னேன்னு வையி, பாக்க வாரவிய பொண்ணுன்னு நெனைக்க மாட்டாக. இருக்கன்குடி மாரியாத்தாளுக்கு நேந்துக்கிட்டு மடிப்பிச்ச எடுக்க வந்திருக்கான்னு மடியில அஞ்சு ரூவா போட்டுட்டு, கும்பிட்டுட்டுப் போயிருவாக.”

காத்திருந்தவர்களில் ஒருத்தி சிரித்தாள். பெரியவள் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். பெண் அவள் கையை மெல்லத் தொட்டு நிறுத்தினாள்.

“தச்சுத் தருவீகளாக்கா?”

“தைக்காம? வாயி வேற, கையி வேற. வார வெள்ளிக்கிழம வாங்கிக்கோ. பேரு?”

“கருத்தம்மான்னு எழுதிக்கோங்க” என்றாள் பெரியவள்.

கை வேறு என்று பரிபூரணம் சொன்னது உண்மைதான். மூன்று நாள் உட்கார்ந்து தைத்தாள். சேலைக் கரையை நீளவாக்கில் முன்பக்கத்துக்குக் கொண்டுவந்தாள். முந்தியைப் பின்முதுகில் வைத்தாள். உள் தையல் ஒன்றுகூட வெளியே தெரியவில்லை. தைத்து முடித்துத் தூக்கிப் பிடித்தபோது அவளுக்கே பிடித்துவிட்டது. அந்தக் கோபத்தில் வாங்க வந்த பெரியவளிடம், “மடி நல்லா அகலமா வச்சிருக்கேன்” என்று சொல்லிக்கொண்டே நீட்டினாள்.

ஐப்பசி முதல் ஞாயிற்றுக்கிழமை தூறலாக இருந்தது. பரிபூரணம், காசிராஜன், விக்னேஷ்வரன், தரகர் நான்கு பேரும் பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேர்ந்தார்கள். பழத்தட்டு, மல்லிகைப் பூ, பெண் பிடித்திருந்தால் கையில் கொடுக்கப் புது ஐநூறு ரூபாய் நோட்டு. வழியெல்லாம் பரிபூரணம் மகனின் காலரை இழுத்துச் சரிசெய்துகொண்டே வந்தாள்.

வீடு சின்னது, சுத்தமாக இருந்தது. வரவேற்ற பெரியவளைப் பார்த்ததும் எங்கேயோ கண்ட முகமாகப் பட்டது. யோசிப்பதற்குள் உள்ளறையிலிருந்து மஞ்சள் கோட்டு வெளியே வந்தது.

முகத்துக்கு முந்தி பரிபூரணம் தன் தையலைத்தான் அடையாளம் கண்டாள். பழுப்புச் சேலை, அதன் மேல் கடுகு மஞ்சள், இடுப்பில் ஏதோ பழைய பையிலிருந்து எடுத்த தோல் வார், உதட்டில் அந்தக் காப்பிக் கலர். நெற்றியோரம் தழும்பு. படத்தில் போன் அழித்துவிட்ட தழும்பு. இதில் பெரிய கொடுமை, பெண் அந்த உடையில் அழகாக இருந்தாள். விக்னேஷ்வரன் காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்க மறந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

தரகருக்கு ஒன்றும் தெரியாது. “பையனுக்குப் பிடிச்சிருக்குன்னு மூஞ்சியே சொல்லுதே. மதினி, பூவக் குடுத்து ரூவாயக் குடுங்க” என்று அவசரப்படுத்தினார்.

பரிபூரணம் எழுந்தாள். நோட்டை நீட்டினாள். சிவரஞ்சனி கையை நீட்டவில்லை. கோட்டின் இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்து, மடியாக விரித்துக் காட்டினாள்.

“இதுல போடுங்கத்தை. அகலமாத்தான் வச்சிருக்கீக.”

தரகர் சிரிக்கலாமா என்று சுற்றிலும் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை.

“அஞ்சு ரூவா போதும்” என்றாள் பெண்ணின் அத்தை கருத்தம்மா. “மாமியாக்காரி எப்படின்னு பாக்கத்தான் நாங்க ஒங்க கடைக்கு வந்தோம். டீக்கடையில ஒங்களப் பத்தி நல்லாத்தான் சொன்னாக. தாயில்லாப் பிள்ள, அவ அம்மா சேலைய எடுத்துக்கிட்டு வந்து நின்னா. நாலு பேரு முன்னால அவளப் பிச்சக்காரின்னீக. ரெண்டு நாளையில சொல்லி அனுப்புதோம். போயிட்டு வாங்க.”

பரிபூரணம் நோட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கினாள். முப்பது வருஷத்தில் அவள் பேச்சு வாங்கிக்கொண்டு திரும்பியது அன்றைக்குத்தான்.

பஸ்ஸில் விக்னேஷ்வரன் தள்ளி உட்கார்ந்தான். ஊர் நெருங்கும்போதுதான் வாயைத் திறந்தான்.

“செவ்வா தோசம்னு சொன்ன. ராகுன்ன. எல்லாத்தயும் நம்புனேன்.”

“ஏலே, நான் வெளையாட்டுக்குல்லா சொன்னேன்.”

“அதான் ஒம்போது எடத்துலயும் வெளையாடி முடிச்சிட்டியே. பொறவு என்ன?”

காசிராஜன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விக்னேஷ்வரன் தனியாக ஸ்ரீவில்லிபுத்தூர் போனான். என்ன பேசினான், யார் காலில் விழுந்தான் என்று அவன் சொல்லவில்லை. அதற்கடுத்த வாரமும் போனான். கார்த்திகையில் வந்து சொன்னான்: தையில் கல்யாணம், குடித்தனம் ஸ்ரீவில்லிபுத்தூரில், அம்மா கல்யாணத்துக்கு வரலாம்.

வரலாம் என்ற சொல்லைப் பரிபூரணம் இரவும் பகலும் மென்றாள். இருந்தாலும் ஒன்றை மட்டும் நம்பிக்கொண்டிருந்தாள். முகூர்த்த ஜாக்கெட் தன்னிடம்தானே வந்தாக வேண்டும். அந்தப் பெண்ணின் அளவு அவள் கைக்குத் தெரியும். அதற்கென்று வெள்ளி ஜரிகை நூல்கூட வாங்கி வைத்தாள். மார்கழி போயிற்று, ஜாக்கெட் துணி வரவில்லை. மெயின் ரோட்டில் ஆல்வின் என்று ஒருத்தன் ஏசி போட்டுக் கடை வைத்திருக்கிறான், வருகிறவர்களை மேடம் மேடம் என்று கூப்பிடுவான், ஊசியைப் பிடிக்கவே தெரியாதவன் என்பது பரிபூரணத்தின் தீர்ப்பு. அவனிடம் கொடுத்திருந்தார்கள்.

முகூர்த்தத்தன்று மணமேடையை ஒட்டி முதல் வரிசையில் அவள் நின்றாள். சிவரஞ்சனி குனிந்து உட்கார்ந்தபோது இடது அக்குளுக்கு மேலே ஜாக்கெட் சுருங்கிக்கொண்டு நின்றது. கை வெட்டில் அரை விரல் பிசகு. இரண்டு தையல் பிரித்துப் போட்டால் சரியாகிவிடும். அதைப் பார்த்தவுடன் ஆல்வினுக்கு ஒரு வாசகம், மணப்பெண்ணுக்கு ஒரு வாசகம், கல்யாண வீடே சிரிக்கும்படி இரண்டும் பரிபூரணத்தின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டன. வாயைத் திறந்தாள்.

கையில் தாலியோடு இருந்த மகன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

பரிபூரணம் வாயை மூடிக்கொண்டாள். கெட்டிமேளம் முழங்கிற்று. எல்லாரோடும் சேர்ந்து அவளும் அட்சதையை எடுத்துப் போட்டாள். அதில் பாதி, மகன் தலையில் விழாமல் அந்தச் சுருக்கத்தின் மேல் போய் விழுந்தது.