அத்தை கேட்ட ரத்தம்

ஒருவர்கூட மறுக்கவில்லை என்பதில்தான் பேராசிரியர் பிரிட்ஜெட்டுக்கு அவ்வளவு பெருமை. பிரிஸ்பேன் பல்கலைக்கழகத்தின் கருத்தரங்க அறையில், திரையில் அதைக் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, "டோங்கா நாட்டு எயுவா தீவுல ஒரு கிராமமே ரத்தம் கொடுத்திருக்கு. கேட்டதுல ஒருத்தர்கூட முடியாதுன்னு சொல்லல. எல்லாம் நம்ம லோசலினேயோட கைராசி" என்றாள். எல்லாரும் கை தட்டினார்கள். ரத்தம் எடுத்து வந்த ஆராய்ச்சி மாணவி லோசலினேயும் தட்டிக்கொண்டாள். இத்தனை வருட உழைப்பு, தட்டிக்கொண்டால் என்ன தப்பு?

பின்வரிசையில் ஃபெட்டு என்ற சமோவாக்காரி, டோங்காவுக்குப் பக்கத்துத் தீவுக்காரி, உட்கார்ந்திருந்தாள். ஆராய்ச்சி என்ற பெயரில் ஆட்களை அரட்டி மிரட்டுகிறார்களா, ஏமாற்றுகிறார்களா என்று பார்க்கும் குழுவில் அவளும் ஒருத்தி. கையைத் தூக்கினாள்.

"லோசலினே, அது யாரோட ஊரு?"

"நான் பிறந்த ஊரு. என் தம்பிங்க எல்லாம் அங்கதான் இருக்காங்க."

"அந்த ஊருக்கு நீ என்ன உறவு?"

"பாதி ஊருக்கு அத்தை."

ஃபெட்டு வாய்விட்டுச் சிரித்தாள். "அத்தை கேட்டியா? அப்புறம் எவன் மறுப்பான்?"

அறையில் வேறு யாருக்கும் அந்தச் சிரிப்பு விளங்கவில்லை. லோசலினேக்கு விளங்கியது. காது மடல் வரைக்கும் சுட்டது.

டோங்காவில் அப்பாவின் அக்கா வந்து கேட்டால் கட்டியிருக்கும் பன்றியை அவிழ்த்துக் கொடுத்துவிட வேண்டும். பரணில் இருக்கும் நல்ல பாயை எடுத்துக் கொடுத்துவிட வேண்டும். ஏன், எதற்கு என்று கேட்பது கிடையாது. அத்தை முன்னால் இருமுவதற்கே யோசிக்கிறவன், அவள் ஊசியோடு வந்து நின்றால் கையை நீட்டாமல் வேறு என்ன செய்வான்? லோசலினேயும் அந்த ஊரில் பிறந்து, அங்கே பாயில் மேலிடத்தில் உட்கார்ந்து, விருந்தில் முதல் பங்கு வாங்கித் தின்று வளர்ந்தவள்தான். அவளுக்கு இது உறைக்கவே இல்லை என்பதுதான் கொடுமை. மீனுக்குத் தண்ணீர் தெரியாத கதை.

அந்த வாரம் முழுக்க அவள் ஃபெட்டுவைத் திட்டித் தீர்த்தாள். சமோவாக்காரிக்கு வாய்க்கொழுப்பு, டோங்காக்காரி படித்தால் பொறுக்காது, வயிற்றெரிச்சல் பிடித்தவள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும். திட்டுவதற்கு வார்த்தை தீர்ந்தபோது, திட்ட வேண்டிய ஆள் யார் என்று அவளுக்கே தெரிந்துவிட்டது.

அவள் படிக்க வந்த கதை ஒரு காலில்தான் தொடங்கியது. அவளுடைய அப்பாவின் கால். சர்க்கரை வியாதியில் முதலில் ஒரு விரல் போனது, பிறகு பாதம், பிறகு முழங்கால் வரைக்கும், கடைசியில் ஆளே போனார். கட்டுப் போட்டவள் மகள்தான். டோங்காவின் பெரிய ஆஸ்பத்திரியில் இருபது வருடம் நர்ஸ். அழுகிய கால் நாற்றத்தில் முகம் சுளிக்காமல் கட்டுப் பிரித்து, கழுவி, கட்டி, பேசிச் சிரிக்க வைத்து அனுப்பினவள். ஒரே மாதிரி புண், ஒரே மாதிரி மருந்து, ஒருத்தருக்கு ஆறுகிறது, இன்னொருத்தருக்குக் கால் போகிறதே, ஏன் என்று டாக்டர்களைக் கேட்டாள். "கேக்கற வேலை உனக்கு எதுக்கு, கட்டைப் போடு" என்றார்கள். அந்தக் கோபத்தில் படிக்கப் போனவள் அவள். நாற்பதைத் தாண்டி, பேத்தி எடுக்கிற வயதில், சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சோதனைக்குழாய் பிடிக்கக் கற்றாள். புண் ஆறாமல் போவதற்கு முன்னாலேயே ரத்தத்தில் ஏதாவது அறிகுறி தெரியுமா என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. நான்கு வருடத்துக்கு முன்னால் ஊருக்குப் போய் ரத்தம் எடுத்து வந்தாள். பெயரை எடுத்துவிட்டு எண்ணை ஒட்டி, பிரிஸ்பேனில் உறைபெட்டிக்குள் வைத்தார்கள்.

ஃபெட்டு சிரித்த சிரிப்பு அடங்குவதற்குள் இன்னொன்று வந்தது. உடல் எடையைக் குறைக்கும் மாத்திரை செய்கிற ஒரு கம்பெனி, அந்த ரத்தத்தில் பங்கு கேட்டது. பிரிட்ஜெட்டுக்கு வாயெல்லாம் பல்.

"கால் புண்ணுக்குன்னு சொல்லி வாங்கின ரத்தம் அது" என்றாள் லோசலினே.

"வேற ஆராய்ச்சிக்கும் சம்மதம்னு கையெழுத்துப் போட்டிருக்காங்களே."

"எனக்காகப் போட்ட கையெழுத்து. நான் அத்தை. கல்லைத் தின்னுன்னு சொல்லியிருந்தாலும் தின்னிருப்பாங்க."

"அதைத்தான் நாங்க சமூகத்தோட நம்பிக்கைன்னு சொல்றோம். எவ்வளவு அழகான விஷயம் தெரியுமா?"

அழகாம்! லோசலினேக்கு மேசையைக் கவிழ்க்கலாம் போல வந்தது. "நான் போய்த் திரும்பக் கேக்கப் போறேன். வேண்டாம்னு சொல்றவங்க ரத்தத்தைத் தூக்கிக் கொட்டிடணும்" என்றாள்.

பிரிட்ஜெட் சிரிப்பை நிறுத்தினாள். "போய்க் கேளு. ஆனா பாதிப் பேர் விலகினாக்கூட உன் ஆய்வு செல்லாது. பட்டம் கிடையாது. இத்தனை வருஷமும் வீண். தெரிஞ்சுதான் பேசறியா?"

"தெரிஞ்சுதான்."

எயுவாவுக்குப் போகும் படகில் வழக்கம்போலப் பாதிப் பேர் வாந்தி எடுத்தார்கள். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தபடி நின்றாள்.

ஊர்க்கூடத்தில் அத்தைக்கு மேலிடத்தில் பாய் விரித்திருந்தார்கள். தேங்காய்ப்பாலும் மாட்டிறைச்சியும் வைத்துக் கீரையில் பொதிந்து வேகவைத்த லூ, பெருவள்ளிக் கிழங்கு, சுட்ட பன்றிக்குட்டி எல்லாம் முதலில் அவள் முன்னால் வந்தன. அவள் எதையும் தொடவில்லை. வந்த காரியத்தைச் சொன்னாள். கம்பெனியைச் சொன்னாள். வேண்டாம் என்றால் யாருக்கும் நட்டமில்லை, ரத்தத்தை அழித்துவிடுவார்கள் என்றாள். "இப்ப சொல்லுங்க. யாருக்கு வேண்டாம்?"

ஒரு கைகூட உயரவில்லை.

முன்வரிசையில் இருந்த மருமகனைப் பிடித்தாள். "செமிசி, நீ சொல்லு."

"நீங்க சொன்னா சரி அத்தை."

"நான் சொல்றது இருக்கட்டும்டா. உனக்கு என்ன தோணுது?"

"உங்களுக்கு என்ன தோணுதோ அதான் அத்தை."

"எனக்கு ஒண்ணும் தோணல!"

"எனக்கும் ஒண்ணும் தோணல அத்தை."

"மரமண்டைகளா!" என்று கத்தினாள். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். கத்தக் கத்த இன்னும் தாழ்ந்தார்கள். மறுப்பு வேண்டும் என்று அவள் கேட்டால்கூட, அத்தைக்கு என்ன பிடிக்கும் என்று பார்த்துத்தான் மறுப்பார்கள் போலிருந்தது.

அப்போது, ஊர் கூடினால் குடிக்கும் கவா என்ற வேர்ப்பானத்தின் கிண்ணத்துக்குப் பக்கத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கித்தியோனே. அவளுடைய தம்பி லிசியாத்தேயின் மச்சான், அங்கே இருந்த இளசுகளில் முக்கால்வாசிக்குத் தாய்மாமன். தாய்மாமன் தலையில் மிளகாய் அரைக்க அந்த ஊரில் யாரும் அனுமதி கேட்பதில்லை. அவனுடைய குதிரையை ஒருத்தன் ஓட்டிக்கொண்டு போவான், தோட்டத்துக் கிழங்கை இன்னொருத்தி பிடுங்கிக்கொண்டு போவாள், போட்டிருக்கிற சட்டையைக்கூடக் கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். அவனும் வாயால் திட்டுவதோடு சரி.

"என்னடா சிரிப்பு?" என்றாள் லோசலினே.

"கோவிச்சுக்காதீங்க அக்கா. புலி வந்து ஆட்டைப் பார்த்து, 'உனக்கு என்னைப் பிடிச்சிருக்கா'ன்னு கேட்டா ஆடு என்ன சொல்லும்?"

லோசலினே அவனையே பார்த்தாள். பிறகு எழுந்தாள்.

"அப்ப நீ கேளு. வீடு வீடா நீ போய்க் கேளு. நான் வர மாட்டேன், பக்கத்துலகூட நிக்க மாட்டேன். என்ன சொன்னாங்களோ அதை அப்படியே வந்து சொல்லு. மென்னு முழுங்கினே, தொலைச்சுடுவேன்."

"நானா? என்னை எவன் மதிப்பான்?"

"அதுக்குத்தான்டா."

மறுநாள் முழுக்க அவள் லிசியாத்தே வீட்டில் உட்கார்ந்திருந்தாள். கித்தியோனே பொழுது சாயும் நேரத்தில் வந்தான். முகத்தில் அவனுடைய வழக்கமான இளிப்பு இல்லை.

"நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன் அக்கா. 'மாமா, உன் ரத்தத்தைக் குடு, அதை வித்துக் கவா குடிப்போம்'னாங்க. ஒருத்தன் கதவையே சாத்திட்டான்."

"எத்தனை பேரு வேண்டாம்னாங்க?"

"வேணும்னவங்களைச் சொல்றது சுலபம். சர்ச்சுல மணி அடிக்கிறவர் மட்டும் இருந்துட்டுப் போகட்டும்னாரு. எந்த ரத்தம்னு அவருக்கு ஞாபகம் இல்ல."

"செமிசி?"

"அவன்தான் அதிகம் கத்தினான். 'நான் செத்தா என்னை முழுசா எங்க புதைப்பீங்க, பாதி வெள்ளைக்காரன் பெட்டியில இருக்கே'ன்னான். அன்னிக்கே பயந்தானாம். உங்க முன்னாடி பல்லைக் காட்டிக்கிட்டு நின்னானாம்."

லோசலினேக்குத் தலைக்குமேல் ஏறியது. "நன்றி கெட்ட ஜென்மங்க! இவங்க காலுக்காகத்தானேடா நான் என் கண்ணைக் கெடுத்துக்கிட்டுப் படிச்சேன்!" கையில் இருந்த தேங்காய்ச் சிரட்டையை முற்றத்தில் வீசி எறிந்தாள். கித்தியோனே ஓரமாக ஒதுங்கிக்கொண்டான். இந்தக் கோபத்துக்குப் பயந்துதான் நான்கு வருடம் எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள் என்பது, சிரட்டை உருண்டு நிற்பதற்குள் அவளுக்குத் தைத்தது.

பிரிட்ஜெட்டுக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

"ஒண்ணு பண்ணலாமே" என்றாள் பிரிட்ஜெட். "இன்னொரு தடவை நீயே நேர்ல பேசிப் பாரேன். நீ கேட்டா மறுக்க மாட்டாங்கதானே?"

லோசலினே போட்ட சத்தத்தில் வீடே அதிர்ந்தது. "மறுக்க மாட்டாங்க! அதனாலதான் கேக்க மாட்டேன்! உனக்கு இன்னும் புரியலியா? ஒரு சொட்டு அந்தக் கம்பெனிக்குப் போகட்டும், ஃபெட்டுவைக் கூட்டிக்கிட்டு உன் வாசல்ல வந்து நிப்பேன். பட்டத்தை நீயே வச்சுக்கோ!"

போனை வைத்தாள். பட்டம் போயே போய்விட்டது. ஐயோ என்று இருந்தது அவளுக்கு, அதை மறைப்பானேன்.

அப்போது லிசியாத்தேயின் மகள் ஃபானே உள்ளே வந்தாள். இருபத்து மூன்று வயதுப் பெண். அத்தை உட்கார்ந்திருந்த நாற்காலிக்குக் கீழே, பாயின் ஓரத்தில் தலை குனிந்து உட்கார்ந்தாள். அக்காவும் மகளும் உடம்பைப் பற்றிப் பேசப்போவதை ஊகித்துக்கொண்டு லிசியாத்தே மரியாதையாக வாசலுக்கு நகர்ந்து முதுகைக் காட்டி நின்றான்.

"மாமா கிட்ட நான் ஒண்ணும் சொல்லல அத்தை" என்றாள் ஃபானே.

"ஏன்?"

"உங்க கிட்டயே சொல்லணும்னுதான்." பாயின் நாரைப் பிய்த்தாள். "எனக்கும் வேண்டாம் அத்தை. அழிச்சிடச் சொல்லுங்க."

முகத்துக்கு நேரே ஒரு மருமகள் சொன்ன வேண்டாம். லோசலினே அதைப் பல்லைக் கடித்து வாங்கிக்கொண்டாள். "சரி" என்றாள்.

"அழிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கலாமா? அந்த ரத்தத்துல எனக்குச் சர்க்கரை இருந்துச்சா? ஓயாம தாகம் எடுக்குது. கால்ல ஒரு புண்ணு வேற, ஆறவே மாட்டேங்குது."

பாவாடை ஓரத்தைக் கொஞ்சம் தூக்கினாள். கணுக்காலுக்குக் கீழே இலை வைத்துத் துணி சுற்றியிருந்தது. லோசலினே பையிலிருந்து சர்க்கரை பார்க்கும் கருவியை எடுத்து அவள் விரலில் குத்தினாள். வந்த எண் மிக அதிகம்; நம்ப முடியாமல் இன்னொரு விரலிலும் குத்திப் பார்த்தாள்.

அந்த ரத்தங்களில் ஒன்று அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. பெண், வயது பத்தொன்பது, வந்தவர்களிலேயே இளையவள், அப்போதே சர்க்கரை எக்கச்சக்கம். யாருடையது என்று பார்த்துச் சொல்லிவிடலாமே என்று அன்றைக்கே பிரிட்ஜெட்டைக் கேட்டாள். "பெயரைத் தேடக் கூடாது. நீ இப்ப நர்ஸ் இல்ல, ஆராய்ச்சியாளர்" என்றாள் பிரிட்ஜெட். அவளும் சரி என்று வாயை மூடிக்கொண்டாள். ஆய்வேட்டில் அதைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதினாள், 'குறிப்பிடத்தக்கது' என்று. நல்ல வாக்கியம் என்று பாராட்டு வேறு கிடைத்தது.

"இப்பதான் வந்துச்சா அத்தை? இல்ல, அப்பவே இருந்துச்சா?"

"அப்பவே இருந்துச்சு."

ஃபானே நிமிர்ந்து பார்த்தாள். அத்தையின் கண்ணை நேருக்கு நேர் பார்த்து, எந்தப் பயமும் இல்லாமல், "அப்ப ஏன் சொல்லல?" என்று கத்தினாள்.

லோசலினே நாற்காலியை விட்டு இறங்கினாள். பாயைத் தாண்டி வெறும் தரையில் உட்கார்ந்து, மருமகளின் பாதத்தைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு துணியைப் பிரிக்கத் தொடங்கினாள். திரும்பிப் பார்த்த லிசியாத்தே பதறிப்போனான்.

"அக்கா! என்ன காரியம் பண்றீங்க? எழுந்திருங்க, ஊர் பார்த்தா என்ன சொல்லும்!"

"பார்க்கட்டும்" என்றாள் லோசலினே. "நீ போய் வெந்நீர் கொண்டா."