யாருக்கு வலது

கத்தி ஃபோம் போர்டின் மேல் தாளில் இறங்கும்போது ஒரு சத்தம், நுரைக்குள் போகும்போது வேறு சத்தம். அடித் தாளைத் தொடும் இடத்தில் சத்தம் நின்றுவிடும். அங்கே கையும் நின்றுவிட வேண்டும். மேல் தாளும் நடுவில் இருக்கும் நுரையும் அறுபடலாம், அடித் தாள் மட்டும் அறுபடக் கூடாது. அறுபடாத அந்தத் தாள்தான் கீல். இடது உள்ளங்கை இரும்பு ஸ்கேலை அழுத்திக்கொள்ள, வலது கை இறக்கையின் பின் ஓரமாக ஒரு முழ நீளத்துக்கு ஒரே இழுப்பில் கோடு போட்டது. மடக்கிப் பார்த்தது. பட்டை மடங்கியது. விரலை எடுத்ததும் பாதி நிமிர்ந்தது. இன்னொரு பக்க இறக்கை பாக்கி இருந்தது. கை உடனே அதற்குப் போகவில்லை. தோள்பட்டையைப் பிடித்துவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே கிடந்தது.

அந்தக் கைக்குச் சொந்தக்காரர் கடைகளுக்குப் பெயர்ப்பலகை செய்பவர். வட்டாரத்தில் போர்டுக்காரர் என்றால் தெரியும். ஃபோம் போர்டில் எழுத்து வெட்டுவார், ஏணி ஏறி மாட்டுவார், இறங்கித் தெருவைக் கடந்து எதிர்ச்சாரியில் நின்று பார்ப்பார், ஓர் எழுத்து அரை விரல் சாய்ந்திருந்தாலும் மறுபடி ஏறுவார். இருபத்தாறு வருடமாக இதுதான். வேலையைக் கற்றுக்கொடுத்தவர் என்று யாரும் இல்லை. மற்றவர்கள் மாட்டிய போர்டுகளைப் பார்த்துப் பார்த்து வந்த வேலை. வயது ஐம்பத்திரண்டு. சமீப காலமாக ஏணியில் ஒவ்வொரு படியும் முழங்காலுக்குத் தனித்தனியாகத் தெரிகிறது.

பட்டறையில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், அவர் வெட்டிக்கொண்டிருந்தது மூன்றாவது ரிமோட் விமானம். முதல் இரண்டும் மண்ணில் குத்தி உடைந்துவிட்டன.

தொடங்கியது அவருடைய அக்கா கணவருக்காக. அவர் முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். இப்போது ஓட்டுவதில்லை, ஆனாலும் தெருவில் எல்லோருக்கும் அவர் டிரைவர்தான். வலது கண்ணில் நரம்பு போய்விட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். டிப்போவில் இரக்கப்பட்டு ஆபீஸில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். நான்கு நாள் போனார். ஐந்தாம் நாள், "முன்னாடி கண்ணாடியும் இல்ல, ரோடும் இல்ல, எதைப் பாத்துக்கிட்டு உக்கார்றது?" என்று சொல்லி வீட்டுக்கு வந்துவிட்டார். பிறகு வீட்டு ஜன்னலோரத்தில் ஒரு நாற்காலி. வீடு தெரு வளைவில் இருந்தது. வளைவில் பஸ்கள் கியர் மாற்றும். முதல் மாதங்களில், "இன்னும் செகண்டுக்கு வரலை பாரு, இன்ஜினைக் கொல்றான்" என்று முணுமுணுப்பார். அப்புறம் அதுவும் நின்றுபோயிற்று.

அக்கா தம்பிக்கு போன் செய்தாள். "டேய், உங்க மாமா வாயத் தொறந்து இன்னையோட ஒம்பது நாளாச்சு. நேத்து வேணும்னே உப்பில்லாம செஞ்சு போட்டேன். அதையும் தின்னுட்டு எந்திரிச்சுப் போறாரு. எனக்குப் பயமா இருக்குடா."

போர்டுக்காரர் ஞாயிறு காலை போய் அவரை நடக்கக் கூட்டிக்கொண்டு போனார். ஆலைக்குப் பின்னால் ஒரு திடல் இருக்கிறது, முழங்கால் உயரத்துக்குப் புல். அங்கே இரண்டு பேர் ரிமோட்டில் விமானம் விட்டுக்கொண்டிருந்தார்கள். டிரைவர் நின்றார். ஒரு மணி நேரம் நின்றார். திரும்பி வரும் வழியில் ஒரே ஒரு வாக்கியம் பேசினார்.

"வண்டி அங்க. ஸ்டியரிங் இங்க."

அவ்வளவுதான். ஆனால் அந்தக் குரலில் பழைய ஆள் இருந்தார். அதைக் கேட்டுவிட்டு போர்டுக்காரரால் சும்மா இருக்க முடியவில்லை.

திடலில் இருந்த இருவரின் விமானங்களும் கடையில் வாங்கியவை. அதையெல்லாம் நினைத்துப் பார்க்கும் நிலையில் அவர் இல்லை. பட்டறைக்கு இரண்டு கடை தள்ளி மொபைல் ரிப்பேர் செய்பவர் ஒரு காலத்தில் விமானம் விட்டவர் என்று தெரியவந்தது. அவரிடம் ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. மோட்டார், பேட்டரி, ரிமோட், சிக்னல் வாங்கும் சின்னப் பெட்டி, பட்டைகளை ஆட்டுகிற தீப்பெட்டியில் பாதி அளவுள்ள சர்வோக்கள்.

"அண்ணாந்து பாத்துப் பாத்துக் கழுத்து போச்சுங்க. எடுத்துக்குங்க. பதிலுக்கு என் கடைக்கு ஒரு போர்டு மட்டும் போட்டுக் குடுங்க, இப்ப இருக்கறதுல பாதி எழுத்தைக் காணோம். ஆனா ஒண்ணு. மூக்குல சுத்தற காத்தாடி மூணு இருக்கு, மோட்டார் ஒண்ணுதான். தரையில குத்துனா முதல்ல காத்தாடிதான் ஒடையும், அது மோட்டாரைக் காப்பாத்தும். மூணும் ஒடைஞ்சா கதை முடிஞ்சுது."

உடம்புக்கு வேண்டியது பட்டறையிலேயே கிடந்தது. தவறாக வெட்டிப்போன போர்டுகளே போதும், சூடான பசையும் பேக்கிங் டேப்பும் ஏற்கெனவே உண்டு. இறக்கை வளையாமலிருக்க உடைந்த குடைக் கம்பி, சர்வோவிலிருந்து பட்டைக்கு சைக்கிள் ஸ்போக். இறக்கையை உடம்போடு ஒட்டாமல் ரப்பர் பேண்டால் கட்டச் சொன்னார் மொபைல் கடைக்காரர். விழுந்தால் கழன்றுகொள்ளும், உடையாது.

முதல் விமானத்தை அவர் போர்டு மாதிரியே செய்தார். அதுதான் தப்பு. ஓரமெல்லாம் மூடி, மூன்று தரம் பெயின்ட் அடித்து, வாலுக்கு மேல் பளபளவென்று ஸ்டிக்கரும் ஒட்டியிருந்தார். எறிந்ததும் மூக்கைத் தூக்கிக்கொண்டு அந்தரத்தில் நின்றது, பிறகு மல்லாக்க விழுந்தது.

"ஷோரூம்ல வைக்கவா செஞ்சீங்க?" என்றார் மொபைல் கடைக்காரர். "வால்ல இவ்வளவு ஏத்துனா வால்தான் ஓட்டும். இறக்கைக்கு அடியில, முன்பக்கமா ரெண்டு விரலை வெச்சுத் தூக்கிப் பாருங்க. மூக்கு லேசாத் தாழணும். தாழலைன்னா எறியவே எறியாதீங்க."

ஒரு காத்தாடி போயிற்று.

இரண்டாவதற்கு அவர் பெயின்ட் அடிக்கவில்லை. கடைக்காரர் ஒருவர் வேண்டாமென்று திருப்பிய மருந்துக்கடை போர்டில் இறக்கை வெட்டினார். இரண்டு விரலில் தூக்கியபோது மூக்கு தாழ்ந்தது. மேஜையில் வைத்து, எதிரே நின்று, ரிமோட்டை அசைத்தார். அதிலுள்ள குச்சியை வலப்பக்கம் தள்ளினால் வலப்பக்கப் பட்டை மேலே வர வேண்டும், அப்போதுதான் விமானம் வலப்பக்கம் சாயும். வந்தது. திடலில் எறிந்தார். நேராகப் போனது, உயர்ந்தது. அவருக்கு நெஞ்சு நிறைந்தது. பிறகு இடப்பக்கம் லேசாகச் சாய்ந்தது. வலது கொடுத்தார். இன்னும் சாய்ந்தது. முழுசாக வலது கொடுத்தார். அது ஒரு சுற்றுச் சுற்றி மண்ணில் போய்க் குத்தியது.

உடைந்ததைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, உட்கார ஓர் இடம் வேண்டுமென்று, வழியில் இருந்த அக்கா வீட்டுக்குள் நுழைந்தார். அன்று காலையிலேயே இரண்டு போர்டு மாட்டியிருந்தார். எல்லாவற்றையும் தரையில் போட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"என்னடா, மருந்துக்கடையத் தூக்கிட்டு வந்திருக்கே?" என்றாள் அக்கா. இறக்கையில் "மருந்த" வரைக்கும் இருந்தது.

ஜன்னலோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "எப்படி விழுந்துச்சு?"

அக்கா கையிலிருந்த பாத்திரத்தை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எடது பக்கம் சாஞ்சுது மாமா. வலது குடுத்தேன். இன்னும் சாஞ்சுது."

"ஆட்டிக் காட்டு."

போர்டுக்காரர் உடைந்த இறக்கையை டேப் போட்டு நிறுத்தி, பேட்டரியைச் செருகி, மூக்கு தன்னைப் பார்க்கும்படி தரையில் வைத்தார். குச்சியை வலப்பக்கம் தள்ளினார். "பாருங்க, வலது பக்கம் மேல வருதா? எல்லாம் சரியாத்தான் இருக்கு."

டிரைவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். விமானத்தைச் சுற்றிக்கொண்டு வந்து வாலுக்குப் பின்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தார். "இப்ப ஆட்டு." பார்த்தார். "இன்னொரு தடவை." பார்த்தார். "இது யாருக்கு வலது?"

"யாருக்குன்னா? வலதுன்னா வலதுதானே மாமா."

"உனக்கு வலது. வண்டிக்கு எடது. வண்டில வலதுன்னா உள்ள உக்காந்திருக்கறவனோட வலது. நீ ரோட்டுல நின்னு பாத்திருக்கே."

போர்டுக்காரரின் தொழிலில் வலது என்றால் எதிர்ச்சாரியில் நிற்பவனின் வலதுதான். 'விளக்கை வலப்பக்கம் வை' என்று கடை முதலாளி சொன்னாலும், தெருவிலிருந்து பார்க்கும் வலதில்தான் வைப்பார். அதில் சண்டைகூட வந்திருக்கிறது. இருபத்தாறு வருடத்தில் ஒரு நாளும் அவர் போர்டுக்குப் பின்னால் நின்று பார்த்ததில்லை.

அக்கா சிரித்துவிட்டாள். "இவன் ரோட்டுலயே பொறந்தவன்."

ரிமோட்டில் ஒரு பொத்தானை மாற்றினால் சரியாகிவிடும் சங்கதி. மாற்றினார்கள். அந்த நேரத்தில் வீடு பழைய வீடு மாதிரி இருந்தது. அந்தத் தைரியத்தில் போர்டுக்காரர் அவசரப்பட்டுவிட்டார்.

"உங்களுக்காகத்தான் மாமா செய்றேன். நீங்கதான் ஓட்டணும்."

டிரைவரின் முகம் ஷட்டர் இறங்கியது போல ஆயிற்று. "ஒத்தக் கண்ணன் கையில வண்டி குடுக்கக் கூடாதுன்னு எழுதியே குடுத்திருக்கான். உனக்குத் தெரியாதா?" எழுந்து ஜன்னலுக்குப் போனார்.

அக்கா வாசல் வரை வந்தாள். "கொஞ்சம் பொறுத்துச் சொல்லியிருக்கலாம்லடா," என்றாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மூன்றாவது விமானம் மூன்று வாரம் எடுத்தது. அந்த வாரங்களில் போர்டு வேலை குவிந்திருந்தது. மதியச் சாப்பாட்டு நேரம்தான் கிடைக்கும். அதிலும் பாதி நாள் கத்தியை எடுத்துவிட்டு வைத்துவிடுவார். யாருக்காகச் செய்கிறோம், அவர்தான் வேண்டாமென்றுவிட்டாரே என்று தோன்றும். ஆனாலும் அரைகுறையாக ஒன்றை மேஜையில் விட்டுவைக்க அவர் கைக்குத் தெரியாது. இறக்கையின் மேற்பக்கம் மஞ்சள், அடிப்பக்கம் கறுப்பு ஸ்டிக்கர். தூரத்தில் நிறம் மங்கிவிடும், வெளிச்சமும் இருட்டும்தான் மிஞ்சும் என்பது அவருக்குத் தொழிலில் தெரிந்தது. வாலில் எதுவும் ஒட்டவில்லை. மிச்சமிருந்த ஒரே காத்தாடியைப் பூட்டினார்.

மொபைல் கடைக்காரரோடு போய்ப் பறக்கவிட்டார். நன்றாகவே பறந்தது. ஆனால் திரும்பி அவரை நோக்கி வரும்போதெல்லாம் அவர் கை மாறிப்போனது. விமானத்தின் இடது அவருக்கு வலதாகத் தெரிந்தது. இரண்டு முறை கைநழுவிப் போகப் பார்த்தது. வியர்த்துக் கொட்டி எப்படியோ புல்லில் இறக்கினார்.

"ஒரு கண்ணு மட்டும் தெரியறவர் இதை ஓட்டலாமா?" என்று கேட்டார்.

"ஊசியில நூல் கோக்கத்தான் ரெண்டு கண்ணு வேணும்," என்றார் மொபைல் கடைக்காரர், கழுத்தைத் தடவிக்கொண்டே. "அவ்வளவு தூரத்துல ரெண்டு கண்ணு இருக்கறவனும் ஒத்தக் கண்ணன்தாங்க."

அதை அப்படியே அக்கா வீட்டில் போய்ச் சொன்னார். டிரைவர் ஜன்னலிலிருந்து திரும்பவில்லை.

"என்ன, சமாதானம் சொல்ல வந்தியா?"

போர்டுக்காரருக்குச் சமாதானம் சொல்லவும் தெம்பில்லை. "இல்ல மாமா. என்னால ஓட்ட முடியல. எதிர்ல வரும்போது எது எடது எது வலதுன்னு தெரியல. இருக்கறது ஒரு காத்தாடி. நான் ஓட்டுனா நாளைக்கு ஒடைச்சுடுவேன். அப்புறம் இன்னொண்ணு செய்ய என் ஒடம்புல ஒண்ணும் இல்ல."

தெருவில் ஒரு பஸ் வளைவில் கியர் மாற்றியது.

"நாளைக்குக் காத்து இருக்குமா?" என்றார் டிரைவர்.

மறுநாள் விடிந்த கையோடு திடலுக்குப் போனார்கள். காற்றில்லை. டிரைவர், டிப்போவில் வண்டி எடுப்பதற்கு முன் செய்வது போல, விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ரப்பர் பேண்டைச் சுண்டிப் பார்த்தார். வாலுக்குப் பின்னால் குனிந்து நின்று, "வலது... சரி. எடது... சரி," என்றார்.

"முதல்ல நான் மேல ஏத்திடறேன் மாமா. மேல எடம் இருக்கு. தப்பாப் போனாலும் சரி பண்ண நேரம் கெடைக்கும். அப்ப வாங்கிக்குங்க."

"ஓடற வண்டில டிரைவர் மாத்தறதா? எந்த டிப்போ ரூல் அது?"

"இங்க டிப்போவே இல்ல. நேராத் தள்ளி விடுங்க, மேல வீசாதீங்க."

டிரைவர் தள்ளி விட்டார். மோட்டார் சீறியது. மஞ்சள் இறக்கை புல்லுக்கு மேல் போய், அடிப்பக்கக் கறுப்பைக் காட்டி ஏறி, ஆலைப் புகைக்கூண்டின் உயரத்துக்குப் போய்ச் சுற்றியது. ஒரு சுற்று. இரண்டாவது சுற்றில் அவர்களைப் பார்த்துத் திரும்பியது. போர்டுக்காரரின் கட்டைவிரல் தயங்கியது. விமானம் சாய்ந்தது.

"எடது," என்றார் டிரைவர். "எடதுடா மாப்ள! ரோட்டுல நிக்காத, உள்ள போய் உக்காரு!"

இடது கொடுத்தார். நிமிர்ந்தது.

"மாமா, புடிங்க. மறுபடியும் நம்மளப் பாத்துத் திரும்பப் போகுது."

டிரைவர் மேலேயிருந்து கண்ணை எடுக்கவில்லை. தடவிக்கொண்டே வந்த இடது கை முதலில் ரிமோட்டின் அடியைத் தாங்கியது. கட்டைவிரல் ஏறி மோட்டார் வேகத்துக்கான குச்சியில் உட்கார்ந்தது. போர்டுக்காரர் அங்கிருந்த தன் விரலை எடுத்தார். வலது கை திருப்புகிற குச்சிக்கு வந்தது. ஒரு கணம் ஒரே குச்சியில் இரண்டு பேர் விரலும் இருந்தன.

"விடு," என்றார் டிரைவர்.

விட்டார்.