எல்லை தாண்டாத ஏத்தன் குலைகள்

திருவட்டாற்றுப் பக்கம் செல்லபாய் மாமி குத்தகைப் பாட்டத்துக்கு எடுத்திருக்கும் விளையில் ஏத்தன் என்கிற நேந்திரன் வாழை மட்டும்தான் நிற்கும். கன்று நடும்போதே ஓணத்தைக் கணக்குப் பார்ப்பார். கேரளத்தில் ஓணத்துக்கு நேந்திரங்காயைச் சீவி உப்பேரி வறுக்கும் வாரத்தில் குலை முற்ற வேண்டும். சபைக் கூட்டத்தில் வாய் திறக்காதவர், விளைக்குள் போனால் வாழையைக்கூட அதட்டுவார்.

இந்த ஆண்டு தண்டில் வண்டு விழுந்தது. வேளாண்மை அலுவலர் வந்து பார்த்து, குருணை மருந்தை இலைக்கவட்டில் போடச் சொன்னார். மாமி போட்டார். வண்டு ஒழிந்தது, குலைகளும் திரண்டன.

முதல் வெட்டு எல்லை தாண்டிப் போனது. இரண்டாம் வெட்டைக் களியக்காவிளை எல்லைச் சாவடியில் கேரள அதிகாரிகள் மறித்துத் திருப்பிவிட்டார்கள். முதல் வெட்டின் காயைச் சோதித்ததில் அந்த மருந்து இருந்ததாம். கேரளத்தில் அந்த மருந்தை விற்கவே கூடாதாம்.

டெம்போக்காரர் சுதன் குலைகளோடு, மாவட்ட அலுவலகங்கள் இருக்கும் நாகர்கோவிலுக்கே வண்டியை விட்டார். மாமிக்குத் துணையாக நானும் போனேன்.

"எனக்கிட்ட ஆரும் பறயல்லியே சாரே," என்றார் மாமி, வேளாண்மை அலுவலகத்தில்.

"இங்க தடை இல்லம்மா. நாங்க சொன்னது சரிதான்."

"காய் அங்கதான் போவும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"பயிர் வரைக்கும்தான் நாங்க. பழம் உணவுப் பாதுகாப்புத் துறை."

அந்த அலுவலகம் எதிர்க் கட்டடத்தில். அங்கேயும் ஏறினோம். அவர்கள் சந்தைக்கு வந்த பழத்தைத்தான் பார்ப்பார்களாம். மருந்துக்கு அனுமதி டெல்லியில் கொடுப்பதாம். இரு துறைகளும் மாதந்தோறும் ஒருங்கிணைப்புக் கூட்டம் நடத்துவதாகச் சுவரில் எழுதியிருந்தது. கூடி என்னதான் பேசுவார்களோ! இங்கே விளைகிற ஏத்தன் எங்கே தின்னப்படுகிறது என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை போலும்.

அங்கிருந்த அதிகாரி இரக்கத்தோடுதான் சொன்னார்: "மார்த்தாண்டம் சந்தையில போட்டிருங்கம்மா. இங்க யாரும் கேக்க மாட்டாங்க."

மாமி அவரையே பார்த்தார். "அவியளுக்க பிள்ளையளுக்கு ஆவாதது நம்ம பிள்ளையளுக்கு ஆவுமா சாரே?"

"அப்படி இல்லம்மா…"

"அப்போ உங்களுக்கு ஒரு குலை இறக்கட்டா? நல்ல முத்தின குலை."

"எனக்கு சுகர்மா."

"வீட்டுல ஒக்க பேருக்கும் சுகரா?"

பின்னால் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் ஏதோ கோப்பைத் திறந்து குனிந்துகொண்டார்.

வெளியே சுதன் வண்டியைக் கிளப்பினார். "சந்தைக்குத்தானே மாமி?"

"விளைக்கு விடு மக்கா."

"கிறுக்கு பிடிச்சா? நாடு முழுக்க இதைத்தான் விக்குதான்."

"விக்கட்டு. எனக்க குலை வேண்டாம்."

"ஒரு வருசப் பாடு மாமி!"

"எனக்குத் தெரியாதாலே? பட்டது நான்தானே."

சுதன் வண்டியைத் திருவட்டாற்றுப் பக்கம் திருப்பினார்.

விளையின் மூலையில் குழி வெட்டி எல்லாவற்றையும் இறக்கினோம். ஒரு காயைக்கூட மாமி வெளியே விடவில்லை. அயல்வீட்டு ஆடுகள் கிளறித் தின்றுவிடக் கூடாதென்று மண்ணின் மேல் முள் வெட்டிப் போட்டார். அவருக்கு யாரும் அதைச் செய்யச் சொல்லி உத்தரவு போடவில்லை.

ஓணம் கழிந்தது. குருணை மருந்து இன்றும் கடையில் கிடைக்கிறது.