மயில்கழுத்து டயல்

தங்க வாட்ச் சேர்க்கிறவன் மணி பார்க்க மாட்டான். அடுத்தவன் கையைத்தான் பார்ப்பான். உங்களில் யாருக்காவது இந்தக் கிறுக்கு இருந்தால் நான் பட்டது புரியும்.

புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருந்தபோது பிடித்தது எனக்கு. அதுவும் டயல் கலராக இருக்க வேண்டும். சமஸ்தானம் போன பிறகு, ஓடாத தங்க வாட்ச்சை எதற்குப் பூட்டி வைப்பது என்று சில பேர் கொண்டுவந்தார்கள். அப்படி இரண்டு சேர்ந்திருந்தன. என் சம்சாரம் சேலைக்கு வைக்கிற மாதிரி அவற்றுக்குப் பேர் வைத்தாள். ஒன்று மாந்தளிர், ஒன்று அரக்கு.

வெள்ளை கேட்டவர்

ஆவூர்ப் பக்கத்து வாத்தியார் ஒருவர், அருளப்பன் என்று பேர், நின்றுபோன வாட்ச் ஒன்றைக் கொண்டுவந்தார். அவருடைய அப்பா கண்டித் தோட்டத்தில் கங்காணி. துரை ஊருக்குப் போகும்போது கழற்றிக் கொடுத்ததாம். கண்ணாடியைத் துடைத்தேன். உள்ளே மயில்கழுத்து. இப்படித் திருப்பினால் நீலம், அப்படித் திருப்பினால் பச்சை. நான் திருப்பிக்கொண்டே இருந்தேன்.

அவரோ, இந்த டயலைத் தூக்கி எறிந்துவிட்டு வெள்ளை போடுங்கள் என்கிறார். அந்தக் காலத்தில் வெள்ளைதான் மரியாதை. போட்டுக் கொடுத்துவிட்டுப் பழைய டயலை நான் அமுக்கியிருக்கலாம். ஆனால் வாட்ச்சும் டயலும் பிரிந்தால் இரண்டும் அனாதை. அதனால் ஒரு பொய் சொன்னேன்: அந்த அளவில் வெள்ளை மெட்ராஸிலிருந்துதான் வரவேண்டும், மாசக்கணக்காகும். அவர் பெருமூச்சு விட்டார். “பீரியடுக்கு மணி பாக்க வாட்ச் கேட்டா, இது மயிலாட்டம் மினுக்குது. சரி, ஓட வச்சாவது குடுங்க, தம்பி.”

பத்தர் பட்டறை

ஓட வைத்துக் கொடுத்தபோது வாய் சும்மா இருக்கவில்லை. விற்கிறதாக இருந்தால் எனக்குச் சொல்லுங்கள் என்றேன். அங்கேதான் கெட்டது. இவ்வளவு ஆசைப்படுகிறானே, தங்கம் நல்ல தங்கமாகத்தான் இருக்கும் என்று அவர் நேரே திருக்கோகர்ணத்துப் பத்தரிடம் போய்விட்டார். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளைக்கு இந்தக் கலரில் வாட்ச் கட்டினால் சிரிப்பார்கள், உருக்கி மோதிரமாகப் போட்டுவிடலாம் என்று யோசனை. விஷயம் காதில் விழுந்ததும் கடையைச் சாத்திவிட்டு டவுன் பஸ் ஏறினேன்.

நான் போகும்போது பத்தர் உரைகல்லை எடுத்துவிட்டார். கல்லில் ஒரு இழுப்பு இழுத்தால் வாட்ச்சின் தங்கக் கூட்டில் காயம். எனக்குத் தேள் கொட்டினது போல இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் மெச்சும்படி பளபளவென்று ஆக்கித் தருகிறேன், உருக்க வேண்டாம் என்று வாத்தியாரிடம் கெஞ்சினேன். சரி, பார்ப்போம் என்று என் கையில் கொடுத்தார். பத்தர் சிரித்தார். “கூடு என்னுது, குருவி ஒங்களுது. மாப்பிள்ளை வீட்டுல எடுபடலைன்னா திரும்பக் கொண்டாங்க.”

ஒரு துளி

இருபது வருஷத்துக் கை. நூற்றுக்கணக்கில் டயல் கழற்றியிருக்கிறது. ஆசைப்பட்ட டயலில் மட்டும் அவசரப்பட்டுவிட்டது. எட்டு என்ற எண்ணுக்கு உள்பக்கம் ஒரு தூசி. ஊதினால் போயிருக்கும். நான் பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு ஒற்றினேன். தூசியோடு கலரும் வந்துவிட்டது. எள்ளளவு வெள்ளை.

மூன்று நாள் சோறு இறங்கவில்லை. இதை மாப்பிள்ளைக்குக் கொடுக்க முடியாது. வாத்தியார் பார்த்தால் அடுத்த பஸ்ஸில் பத்தரிடம்தான். சம்சாரம் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். “ஏங்க, மயில் கழுத்துல பொட்டு வச்சுட்டீங்களே.”

எட்டு மணி

முள்ளைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததில் ஒன்று தெரிந்தது. சரியாக எட்டு மணிக்குச் சின்ன முள்ளின் அகன்ற நுனி அந்தப் பொட்டை மறைத்துவிடுகிறது; பெரிய முள் ஒல்லி, அதற்கு மறையாது. வாத்தியாரைக் காலை எட்டு மணிக்கு வரச்சொன்னேன். வந்தார், பார்த்தார், நல்லா இருக்கு என்று கட்டிக்கொண்டு போனார். அன்றைக்கு முழுக்க எந்த வாட்ச்சைத் திறந்தாலும் எனக்கு அந்தப் பொட்டுத்தான் தெரிந்தது.

மறுநாள் வந்து வாட்ச்சை மேசையில் வைத்தார். கோபமே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. “எட்டு மணிக்கு வரச் சொன்னீங்க, வந்தேன். நான் ஒம்பது மணிக்கும் பாப்பேன்ல?”

எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். மோதிரம் மட்டும் பண்ணாதீர்கள், இதில் பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள் என்று மாந்தளிரையும் அரக்கையும் எடுத்து வைத்தேன். இரண்டையும் விரலால் ஒதுக்கினார். அவர் பார்வை என் கையில் இருந்தது. தொழிலுக்கு வந்து நான் எனக்கென்று முதல்முதலாக வாங்கிக் கட்டிய வாட்ச். தங்கக் கூடு, வெள்ளை டயல். கழற்றிக் கொடுத்தேன். காதில் வைத்துக் கேட்டார், மாப்பிள்ளைக்கு ஏற்றது என்று தலையாட்டினார், மயில்கழுத்தை என் பக்கம் நகர்த்தினார். படி இறங்கினவர் திரும்பினார். “வெள்ளை மெட்ராஸ்ல இருந்து வரணும்னீங்க. ஒங்க கையிலதான் இருந்துச்சா, தம்பி?”

மயில்கழுத்து இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. காலை எட்டுக்கும் ராத்திரி எட்டுக்கும் மட்டும் அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.