மேசையில் மூன்று கோப்பை

வேலையில் உயர்வு வேண்டுமென்றால் பிரெஞ்சு தெரிந்திருக்க வேண்டும் என்றார்கள். அதனால் ரொறன்ரோவிலிருந்து நானும் சிநேகிதி வசந்தியும் ஐந்து வாரம் படிக்கக் கியூபெக் நகரத்துக்குப் போனோம். கல் மதில் சூழ்ந்த பழைய நகரம். பிரெஞ்சு மட்டுமே தெரிந்த ஒரு வயதான அம்மாவின் வீட்டில் தங்கினோம். அவவோடு சேர்ந்து சாப்பிட்டுக் கதைப்பதும் படிப்பில் ஒரு பகுதி.

நாங்கள் செய்த வேலை என்ன? ரொறன்ரோவின் அஜின்கோர்ட் பகுதியிலிருந்து கொண்டுபோன ரைஸ் குக்கரில் சோறாக்கி, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தமிழில் அலட்டினோம். அவ ஒவ்வொரு பின்னேரமும் மேசையில் சூப்புக்கு மூன்று கோப்பை வைப்பா. நாங்கள் சிரித்துவிட்டு மாடியேறிவிடுவோம்.

நாலாம் வாரம் ஒருநாள், அவ மூச்செடுக்க முடியாமல் குசினியில் அடுப்புக்கு முன்னால் நிலத்தில் சரிந்துவிட்டா. என் கையைப் பிடித்து ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னா. எனக்கு விளங்கவேயில்லை.

"அம்புலன்ஸுக்கு அடிச்சிட்டன். வருமட்டும் தாங்குவாவோ? என்னடி கேக்கிறா?" என்று வசந்தி அழுதாள்.

"தெரிஞ்சால் சொல்லமாட்டனோ!" என்று கத்தினேன். அலுமாரி, லாச்சி எல்லாவற்றையும் இழுத்துக் கொட்டினேன். அவவின் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. கடைசியில், வாசலில் தொங்கிய குளிர்க்கோட்டின் பைக்குள் கை பட்டது. மூச்சுக்கு இழுக்கும் பம்ப்!

அதை அவவின் வாயில் வைத்து அமத்தினேன். தப்பிவிட்டா. கோட்டுக்குரிய பிரெஞ்சுச் சொல்லைத்தான் சொல்லிக் கெஞ்சியிருக்கிறா. முதல் வாரப் பாடத்தில் வந்த சொல்.

ஆஸ்பத்திரியால் வந்த அன்றும் மேசையில் மூன்று கோப்பை வைத்தா. அழுதழுது சூப் குடித்தோம்.

இப்போது ஒவ்வொரு ஞாயிறும் அவவுக்குப் போன் எடுத்துப் பிரெஞ்சில் கதைக்கிறேன். முதலில் கேட்பது, பம்ப் எங்கே இருக்கிறது என்றுதான்.