பக்கவாட்டுல நடந்த லாரன்ஸ்

"பாட்டு கேட்டா கால் வரும்னா, ரேடியோப் பொட்டிக்குத்தாம்மா மொதல்ல கால் மொளைச்சிருக்கணும்! போம்மா அந்தாண்ட!"

பவுலின் இப்படி எரிஞ்சி வுழுந்தது, வாசல்ல தம்புராவத் தூக்கினு நின்ன ஷாலினிகிட்ட. சங்கீதம் முறையா படிச்ச பொண்ணு. பக்கவாதம் வந்தவங்கள சத்தத்தாலயும் தாளத்தாலயும் நடக்க வைக்கிறதுதான் அதோட வேலை. சர்ச்சுப் பங்குச் சாமியாரு சொன்னாருன்னு, இடையஞ்சாவடியிலேர்ந்து பஸ் புடிச்சி மரக்காணம் வந்திருந்திச்சி.

பவுலினையும் குத்தம் சொல்ல முடியாது. பாத்தவங்க எல்லாம் ஆளுக்கு ஒரு தைலம் சொல்லி, ஒண்ணும் பலிக்கல. அவ புருசன் லாரன்ஸ் உப்பளத்துல பாத்தி மிதிக்கிறவன். மழை ஓஞ்சதும் சேத்த மிதிச்சி மிதிச்சி தரைய சிமிண்டு மாதிரி ஆக்கணும், அப்பத்தான் உப்பு வெள்ளையா வெளையும். அதுல அவன அடிச்சிக்க ஆளில்ல. குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். கோவம் வந்தா மட்டும் சோத்துத் தட்டு பறக்கும். அப்படியாப்பட்டவனுக்கு எடது பக்கம் வுழுந்துடிச்சி. ஆஸ்பத்திரி மாத்திரை உசுரக் காப்பாத்திச்சி, கால் வரல. ஒண்ணுக்குப் போவணும்னாக்கூட பொண்டாட்டி தோள்ல தொங்கணும். "தானா கொல்லைக்குப் போவணும்டி, வேற ஒண்ணும் கேக்கல"ன்னு அழுவான்.

"ஒரே வாட்டி பாக்கலாம்க்கா"ன்னு சொல்லிக்கினே ஷாலினி உள்ள வந்துடிச்சி. தம்புராக் கொடத்த அவன் எடது பாதத்துல சாச்சி வெச்சி, தந்திய மீட்டிச்சி.

"என்னாண்ணே தெரியுது?"

"எறும்பு ஊறுற மாதிரி இருக்குதும்மா."

செத்த காலுன்னு நெனச்சிருந்த பவுலின், அடுப்ப அணைச்சிட்டு ஓடியாந்து பக்கத்துல குந்தினா.

"சத்தம்னா அதிர்வுதான்க்கா. காதுக்கு மட்டுமில்ல, தோலுக்கும் தெரியும்"னிச்சி ஷாலினி.

அதுலேர்ந்து அந்தப் பொண்ணு அடிக்கடி வரும். செல்போன்ல மிருதங்கத்தப் போட்டு, தட்டுக்கு ஒரு அடி வைக்கச் சொல்லும். கால் இழுத்துக்கினேதான் வந்திச்சி. ஒருநாள், "வேலையில எந்த வேகத்துலண்ணே மிதிப்பீங்க?"ன்னு கேட்டிச்சி. அவன் பொண்டாட்டியப் பாத்தான். சோறு கொண்டு போறப்பல்லாம் பாத்திருந்த பவுலின்தான் கையத் தட்டிக் காட்டினா. ஷாலினி மிருதங்கத்த அந்த வேகத்துக்குக் கொறைச்சி வெச்சிச்சி.

எடது கால் தரைய வுட்டு எழும்பிச்சி.

எழும்பிச்சி, ஆனா முன்னால போவல. பாத்தி மிதிக்கிறவன் எடைவெளி வுடாம பாதத்தோட பாதம் ஒட்டி வெச்சி, பக்கவாட்டுலதான் நகருவான். லாரன்சும் அப்படியே நகர்ந்து பீரோவுல போயி முட்டினான்.

"யோவ், கொல்லை அந்தப் பக்கம்! பீரோவுக்குள்ள எங்க போற?"

"மிதிச்ச கால் இப்படித்தாண்டி போவும்!"

ஷாலினி சிரிச்சிக்கினே, "போவட்டும்க்கா. கொல்லைக்கு நேரா தோளத் திருப்பி நிக்க வைங்க"ன்னிச்சி. அப்படியே நிக்க வெச்சாங்க. நண்டாட்டம் போனான், போயிக்கினே இருந்தான். கக்கூசுக்குள்ள பூந்து கதவச் சாத்திக்கினான்.

"ஏன்யா சாத்துற? நான் பாக்காததா?"

"போடி அந்தாண்ட!"

அந்தத் திட்டக் கேட்டுட்டு, பவுலின் வெளிய நின்னு முந்தானைய வாயில வெச்சிக்கினு அழுதா. அப்புறம் ஷாலினி ரெண்டு கையையும் புடிச்சிக்கினு, "அன்னிக்கு வெரட்டினத மனசுல வெச்சிக்காதம்மா. மாத்திரையில பாதி, ஒன் தாளத்துல பாதி. மாதா ஒன்ன நல்லா வெக்கணும்"னா. கருவாடு கட்டிக் குடுக்கப் பாத்தா. அந்தப் பொண்ணு மீனு துன்னாதுன்னு தெரிஞ்சதும், மரத்துல இருந்த முருங்கைக்கா பூராவும் ஒடிச்சிக் குடுத்தா.

நாள் போவப் போவ நேராவும் நடக்க ஆரம்பிச்சிட்டான். கொஞ்சம் இழுக்கத்தான் இழுக்குது, பொய் சொல்லக் கூடாது. போன வாரம் பவுலின் அவன மெதுவா மரக்காணம் கடத்தெருவுக்கு நடந்தே கூட்டினு போயி, பின்னால வார் வெச்ச செருப்பு ஒரு ஜோடி வாங்கிப் போட்டு வுட்டா. எடது கால்லயும் கழலாம நின்னிச்சி. எரநூத்தி இருவது ரூவா.