கடப்பாரை நிறுத்திய கல்மழை

முதலில் மன்னிப்பு. மூன்றாம் வகுப்போடு நின்றுபோன கை. எழுத்து கோணல், பிழையும் உண்டு. போன வாரம் இந்தப் பத்திரிகையில் 'கார் மேட்டில் ஏறியது' என்று எழுதியிருந்தேன். அச்சுக் கோர்ப்பவர் கண்ணுக்கு அது 'மாட்டில்' என்று தெரிந்திருக்கிறது. மாடு பிழைத்ததா என்று விசாரித்து மூன்று தபால் கார்டுகள் வந்துவிட்டன. அன்பர்களே, மாட்டுக்கு ஒன்றுமில்லை. மாடே இல்லை.

இனி இந்த வாரத்துச் சங்கதி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் ஆட்டையாம்பட்டியில் ஆலங்கட்டி மழை. எதிர்வீட்டு ஜவுளிக்காரர் புதுக் கார் வாங்கியிருக்கிறார். ஓடி வந்து அதன் மேல் மெத்தையைப் போட்டார். மெத்தை நனையாமல் இருக்கப் பாயைப் போட்டார். பாய் பறக்காமல் இருக்க… அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தார். கல்லிலிருந்து காரைக் காப்பாற்ற ஒரு கல்!

சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்க எனக்கு என்ன யோக்கியதை? இதைவிடப் பெரிய கூத்தில் நானே இருந்திருக்கிறேன்.

அப்போது நான் மல்லசமுத்திரம் பக்கம் ஒரு பண்ணாடியிடம் டிரைவர். தோட்டம் துரவு நிறைய உள்ளவர். சுற்று வட்டாரத்தில் அவர் ஒருவரிடம்தான் கார். துணிக்கூரை வண்டி, முன்னால் பூசணிக்காய் போல இரண்டு விளக்கு. வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார் — வண்டிக்குச் சேதம் வந்தால் எனக்கு வேலை இல்லை. எனக்கோ வேறு தொழில் தெரியாது. வாய் சாமர்த்தியமும் கிடையாது. அவரிடம் நான் பேசியதெல்லாம் ஒரே வார்த்தை — 'ஆமாங்க.'

ஒரு சித்திரை மாதத்துப் பிற்பகல். வானம் கறுத்தது. வாசலில் நின்ற காரை நகர்த்தலாம் என்றால் புளியமரத்தடிதான் உண்டு, கிளை முறிந்தால்? ஆகவே கடலைக்காய்ச் சாக்குகளை உதறிக் கூரை மேல் அடுக்கினேன். பானெட்டுக்கு வைக்கோல், அதன் மேல் மெத்தை. கண்ணாடிக்கு ஜமக்காளம். இரண்டு விளக்குக்கும் இரண்டு முறம். கட்டி முடிக்கவும் கல் விழவும் சரியாக இருந்தது.

நெல்லிக்காய் அளவுக் கற்கள். என் முதுகில் விழுந்தது வலித்தது. காரில் விழுந்ததற்குச் சத்தமே இல்லை. வாழ்க்கையில் ஒரு வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டோம் என்று தோன்றிய நிமிஷம் அது. அப்படித் தோன்றும்போதே ஜாக்கிரதையாக இருந்திருக்க வேண்டாமா?

ஆலங்கட்டி விழுந்தால் வாசலில் இரும்பை எறிய வேண்டும், உடனே நின்றுவிடும் என்று எங்கள் ஊரில் ஒரு நம்பிக்கை. மற்ற வீடுகளில் கரண்டியோ அரிவாளோ எறிவார்கள். பண்ணாடி பெரிய மனுஷர் அல்லவா? கடப்பாரையைக் கொண்டு வந்தார். குலசாமி பேரைச் சொல்லி வீசினார். வாசல் நடுவில்தான் வீசினார். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கடப்பாரை தரையில் மோதி ஒரு எகிறு எகிறி, முறத்தைக் குத்திக்கொண்டு வலது விளக்குக்குள் புகுந்து நின்றது.

அந்த நிமிஷமே கல்மழையும் நின்றது. நம்பிக்கை பலித்துவிட்டது — என்ன சொல்ல?

பண்ணாடி என்னைப் பார்த்தார்.

"ஏன்டா, கல்லு பட்டுத்தானடா ஒடஞ்சுது?"

"ஆமாங்க."

கடப்பாரையை நானே உருவிக்கொண்டு போய் உள்ளே வைத்தேன்.

விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் பண்ணாடி கல்லின் கதையைச் சொன்னார். நெல்லிக்காய் எலுமிச்சம்பழமாயிற்று, பொழுது சாய்வதற்குள் விளாம்பழம். ஒரு பொய்யை நாலு தடவை சொன்னால், சொல்கிறவருக்கே அது உண்மையாகிவிடுகிறது. பண்ணாடியும் நம்பிவிட்டார். நம்பியதும் அவருக்கு நியாயமான ஒரு கேள்வி எழுந்தது. கல் பட்டு உடைந்ததென்றால், முறத்தைச் சரியாகக் கட்டாதது யார் குற்றம்?

நாளைக்குச் சேலம் போய் விளக்கு மாட்டிக்கொண்டு வந்ததும், சாவியைக் கொடுத்துவிட்டு நான் வீட்டோடு போய்விட வேண்டும் என்றார்.

உண்மையைச் சொன்னால் எஜமானை ஊர் சிரிக்கும். சொல்லாவிட்டால் என் வீட்டில் அடுப்பு எரியாது. எனக்குப் பதிலாக உள்ளேயிருந்து பண்ணாடியின் சம்சாரம் பேசினார்.

"ஏனுங்க, டைவர அனுப்பிப்போட்டா நாளான்னிக்கு வண்டிய யாருங்க ஓட்டறது? அந்தக் கடப்பாரைங்களா?"

பண்ணாடிக்குத் திடீரென்று இருமல் வந்தது. ஆனால் சொன்ன சொல்லை அவர் மாற்றவில்லை.

மறுநாள் ஒற்றைக்கண் காரில் சேலம் போனோம். பண்ணாடிக்குத் தெரிந்த மண்டிக்காரர்கள் நாலைந்து பேர் ரிப்பேர் ஷெட்டுக்கே வந்து கல்லின் கதையைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். கல் இப்போது தேங்காய் அளவு. மெக்கானிக் விளக்கைக் கழற்றி உள்ளே விரலை விட்டார். விரலில் துரு.

"ஏனுங்க, கல்லு பட்டாக் கண்ணாடி ஒடையும், சரி. பின்னால தகரம் எப்பிடிங்க ஓட்டையாச்சு? துரு வேற இருக்குதே?"

பண்ணாடி என்னைப் பார்த்தார். முந்தின நாள் பார்த்த அதே பார்வை. ஆனால் இந்தக் கேள்விக்கு 'ஆமாங்க' என்று சொல்ல முடியாதே! நாலு பேர் முன்னால் வாய் திறந்து பழக்கமில்லாதவன் நான். எப்படியும் வேலை போகத்தான் போகிறது… உண்மையைச் சொன்னால்தான் என்ன?

"எங்கூருக் கல்லு அப்பிடித்தானுங்க" என்றேன். "இரும்பாட்டம் இருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். சரியான பட்டிக்காட்டான் என்று நினைத்துச் சிரித்தார்கள். பண்ணாடி மட்டும் சிரிக்கவில்லை.

புது விளக்கு மாட்டியாயிற்று. வழக்கம்போலப் பின் கதவைத் திறந்து பிடித்தேன். அவர் முன்னால் வந்து என் பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்தார். சேர்ந்த நாள் முதல் 'எடுடா', 'நிறுத்துடா' என்று 'டா' போடாமல் என்னிடம் பேசியே இராத மனிதர், ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"போலாமுங்க."

ஊர் வந்து சேர்ந்தோம். சாவியை அவர் கேட்கவே இல்லை. அதன் பிறகு ஏழு வருஷம் அந்த வண்டியை நான்தான் ஓட்டினேன்.

உண்மை பேசியதற்காக எனக்கு இதுவரை யாரும் ஒரு 'ங்க' போட்டதில்லை.

இத்தனை காலம் வெட்கப்பட்டுத் தள்ளிப்போட்டதை ஒரு வழியாக எழுதி முடித்தது — சித்திரை 18, வியாழக்கிழமை.